கிரேயானுக்கு ராணுவ உடை மாட்டினால் போதுமா?

பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’, அரசன் கிரேயானின் தடையை மீறிச் சகோதரனின் உடலை அடக்கம் செய்யத் துணிந்து உயிரைவிடும் பெண்ணின் கதை. அதை இன்றைக்கு ஏற்றபடி மேடையேற்ற நினைப்பவர்கள் பலரும் முதலில் தேடுவது ஒரு ராணுவச் சீருடையை. அதைக் கிரேயானுக்கு மாட்டி, பின்னால் நாலு காவலர்களை நிறுத்திவிட்டால் நாடகம் நவீனமாகிவிடும் என்று நினைப்பு. விளக்கு எரிந்ததுமே யார் கெட்டவன் என்று தெரிந்துபோகிறது. மிச்ச நேரமெல்லாம் பார்வையாளருக்கு என்ன வேலை?

மூலத்தில் கிரேயான் அவ்வளவு சுலபமானவன் இல்லை. தீப்ஸ் நகரை வளைத்த படை இப்போதுதான் ஓடியிருக்கிறது. ஆன்டிகனியின் சகோதரர்களான அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்று கிடக்கிறார்கள். ஊரைக் காத்தவனுக்கு மரியாதை, அந்நியப் படையைக் கூட்டிவந்தவனுக்குப் புதைகுழிகூடக் கிடையாது என்கிறான், அவர்களுடைய தாய்மாமனும் புதிதாக அரசனானவனுமான கிரேயான். கேட்கும் ஊர்க்காரருக்கு அதில் ஒரு நியாயம் தெரியும். அந்த நியாயம் கொஞ்சங்கொஞ்சமாக வீம்பாக இறுகுவதுதான் நாடகம். முதல் காட்சியிலேயே மீசையை முறுக்கிவிட்டால் அப்புறம் இறுக ஒன்றும் இல்லை.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூய். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிசில், 1944 பிப்ரவரியில் அவருடைய ‘ஆன்டிகனி’ மேடையேறியது. நடிகர்கள் அந்தக் காலத்து உடையில் வந்தார்கள், காவலர்கள் சீட்டாடினார்கள். அவருடைய கிரேயான் களைத்துப்போன ஒரு நிர்வாகி. மருமகளைக் காப்பாற்றக் கெஞ்சாத குறையாகப் பேசுகிறான். குதிரைகள் மிதித்துச் சிதைத்ததில் எந்த உடல் யாருடையது என்றே தெரியவில்லை, சேதம் குறைந்ததை எடுத்து அரசு மரியாதை செய்தோம் என்று உண்மையைப் போட்டு உடைக்கிறான். ஆன்டிகனி ஏறக்குறைய அடங்கி, தன் அறைக்குப் போகிறேன் என்கிறாள். பார்க்கிற நமக்கே ‘சரி, போய்விடேன்’ என்று தோன்றும். அந்த இடம் இல்லாத தழுவல் எனக்கு வெறும் கோஷமாகத்தான் கேட்கிறது.

இன்னொரு தவறு கத்திரி வைப்பது. மூலத்தில் ஆன்டிகனியைச் சாகக் கொண்டுபோன பிறகும் சுமார் 400 வரிகள் பாக்கி. நாயகி போனதும் சுருக்கி முடித்துவிடுகிறார்கள். ஆனால் கிரேயான் மனம் மாறி ஓடுவதும், ஓடியும் பிந்திப்போவதும், மகனின் உடலோடு திரும்புவதும் அந்த வரிகளில்தான் இருக்கின்றன.

சாவுகளை மேடையிலோ வீடியோவிலோ காட்டுவதும் வீண். ஆன்டிகனியை மணக்க இருந்த கிரேயான் மகன் ஹேமன், தந்தையின் முகத்தில் துப்பி, வாளை வீசி, குறி தவறி, அதே வாளைத் தன் உடம்பில் பாய்ச்சிக்கொண்டதைத் தூதன் சொல்லக் கேட்கும்போது, அவன் தாய் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். காட்சியே அந்த மௌனம்தான். நடப்பதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஊர்ப் பெரியவர்களின் குழுவான கோரஸைப் பற்றி ஒன்றே ஒன்று: எல்லோரும் சேர்ந்து கத்தினால் ஒரு சொல்லும் புரியாது. அனூய் அதை ஒரே ஆளாக்கினார்.

செட்டுக்குக் கொட்டும் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1973-இல் அதால் ஃபுகார்ட், ஜான் கனி, வின்ஸ்டன் இன்ட்சோனா மூவரும் உருவாக்கிய ‘தி ஐலண்ட்’ நாடகத்தில் ஜான், வின்ஸ்டன் என்று இரண்டே கைதிகள். சிறைக் கலைநிகழ்ச்சிக்காக ‘ஆன்டிகனி’யை ஒத்திகை பார்க்கிறார்கள். கயிற்றைப் பிரித்துச் செய்த பொய்முடியோடு வின்ஸ்டன் ஆன்டிகனியாக வந்து நிற்க, ஜான் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கூடவே நாமும் சிரிக்கிறோம். கடைசியில் ஆன்டிகனியாகத் தண்டனையை ஏற்ற பிறகு, வின்ஸ்டன் அந்தப் பொய்முடியைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தன் குரலிலேயே பேசுகிறான். அப்போது அரங்கில் யாரும் சிரிப்பதில்லை.