பெனிஃபிட்டா, அட்வான்டேஜா, எட்ஜா?

திருப்பூரில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர்கள். ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு), லேப் டிப் (சாயத்துக்கான மாதிரித் துணி), ஷிப்மென்ட் தேதி இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஆனால் நன்மை, சாதகம், லாபம், வசதி என்று எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் மெயிலில் 'பெனிஃபிட்' என்றே போட்டுவிடுவார்கள். கொஞ்சம் மாற்றி எழுதலாமே என்றால் இணையத்தில் தேடி, பட்டியலில் முதலில் வந்த சொல்லை எடுத்து ஒட்டிவிடுவார்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்த வாக்கியத்தில் எதிரே ஒரு போட்டியாளர் இருக்கிறாரா?

இல்லை என்றால் பெனிஃபிட். இருந்தால் அட்வான்டேஜ்.

பயோ வாஷ், அதாவது என்சைம் சலவை, செய்த துணியில் பஞ்சு எழும்பாது, வழவழப்பாக இருக்கும். இது உடுத்துகிறவருக்குக் கிடைக்கும் பெனிஃபிட். அதில் யாரும் யாரையும் முந்தவில்லை. அதே பயோ வாஷ் வசதி உங்கள் யூனிட்டிலேயே இருக்கிறது, பக்கத்துக் கம்பெனி வெளியே கொடுத்து வாங்குகிறது என்றால், அது உங்களுக்கு அட்வான்டேஜ். பெரிய அளவிலும் கணக்கு இதுதான். பங்களாதேஷ் 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரியில்லாமல் ஆடை அனுப்ப முடிகிறது. அங்குள்ள முதலாளிக்கு அது பெனிஃபிட். இத்தனை வருடமாக வரியோடு அனுப்பிய நம்மோடு ஒப்பிடும்போது அது அவர்களுடைய அட்வான்டேஜ். விஷயம் ஒன்றுதான், நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

கால்பந்து விதிப்புத்தகம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. ஐந்தாவது விதியில் ரெஃப்ரியின் அதிகாரங்களைச் சொல்லும் இடம் அது. ஃபவுல் நடந்தும், பாதிக்கப்பட்ட அணிக்குப் பந்து வாகாக இருந்தால், ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தாமல் கையை நீட்டித் தொடரச் சொல்வார். அந்த அணி 'அட்வான்டேஜிலிருந்து பெனிஃபிட் அடையும்போது' அப்படி விடலாம் என்பது விதி. எதிரணியைவிட வாகான நிலை அட்வான்டேஜ். அதனால் கையில் வந்து சேர்வது பெனிஃபிட். டென்னிஸில் டியூஸுக்கு, அதாவது 40-40 சமநிலைக்குப் பிறகு ஒரு புள்ளி எடுத்தவருக்கு அட்வான்டேஜ் என்கிறார்களே, அங்கேயும் எதிரே ஆள் நிற்கிறார். அடுத்த புள்ளியை விட்டால் மறுபடி டியூஸ்தான்.

சொல்லைப் பிடித்தபின், கூட வரும் சின்னச் சொல்லையும் பிடிக்க வேண்டும். போட்டியாளரைச் சொல்லும்போது 'அட்வான்டேஜ் ஓவர்'. பலன் தருகிற பொருளுக்கு 'பெனிஃபிட் ஆஃப்', பலன் பெறுகிற ஆளுக்கு 'பெனிஃபிட் டு' அல்லது 'ஃபார்'. 'பெனிஃபிட் ஓவர்' என்று எழுதினால் காதில் உறுத்தும். வினையாக எழுதும்போது 'வி பெனிஃபிட்டட் ஃப்ரம் யுவர் ஃபீட்பேக்' போதும். 'வி காட் பெனிஃபிட்டட்' என்று நம் ஊர் மெயில்களில் ஒரு 'காட்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், 'டேக் அட்வான்டேஜ் ஆஃப்'. நிறைய சொதப்பல் நடப்பது இங்கேதான். பின்னால் பொருளோ வாய்ப்போ வந்தால் நல்ல அர்த்தம்: ஏர்லி பேமென்ட் டிஸ்கவுன்ட்டை டேக் அட்வான்டேஜ் ஆஃப் செய்துகொள்ளுங்கள் என்று பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, தாராளமாக எழுதலாம். பின்னால் மனிதரோ மனிதரின் குணமோ வந்தால், ஏய்த்துப் பிழைத்ததாக அர்த்தம். டெலிவரிக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்த பையருக்கு நன்றி சொல்வதாக நினைத்து, 'வி டுக் அட்வான்டேஜ் ஆஃப் யுவர் கைண்ட்னஸ்' என்று எழுதினால் என்ன ஆகும்? உன் இளகிய மனதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம் என்று படித்துவிட்டு அவர் அடுத்த ஆர்டரை யோசிப்பார். 'தேங்க்யூ ஃபார் தி எக்ஸ்ட்ரா வீக்' என்று எழுதினால் வேலை முடிந்தது.

எட்ஜ் என்பது மெல்லிய அட்வான்டேஜ். இரண்டு கம்பெனியும் ஏறக்குறைய சமம், உங்களிடம் மட்டும் சாம்பிள் இரண்டு நாள் முன்னால் கிடைக்கும் என்றால் 'வி ஹேவ் அன் எட்ஜ்' சரியாக உட்காரும். முன்னால் இருக்கும் வினையைக் கவனியுங்கள்: 'ஹி ஹேஸ் அன் எட்ஜ்' என்றால் முந்தி நிற்கிறார், 'ஹி இஸ் ஆன் எட்ஜ்' என்றால் பதற்றத்தில் இருக்கிறார். ஷிப்மென்ட் வாரத்தில் இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படும். 'அப்பர் ஹேண்ட்' என்பது பேரத்தில் பிடி யார் கையில் என்பதைச் சொல்வது. ஆபீசுக்குள் பேசிக்கொள்ளலாம், பையருக்கு எழுதாதீர்கள். 'ஹெட் ஸ்டார்ட்' முன்கூட்டியே கிடைத்த தொடக்கம். விளக்கம் தேவையில்லை.

வேலை மாறுகிறவர்கள் கேட்பது பெனிஃபிட்ஸுக்கும் பெர்க்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று. பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் போன்றவை பெனிஃபிட்ஸ். பாதிக்கு மேல் சட்டத்திலேயே உள்ளவை. கம்பெனி மனது வைத்துக் கொடுக்கும் மதியச் சாப்பாடு, பிக்கப் கேப், பிறந்தநாளுக்கு லீவு ஆகியவை பெர்க்ஸ். பெர்க் என்பது 'பெர்க்விசிட்' என்பதன் சுருக்கம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அதே சொல்லை 17(2) பிரிவில் வைத்து அதற்கு வரியும் போட்டது. இன்டர்வியூவில் முதல் கேள்வியாக 'வாட் ஆர் தி பெர்க்ஸ்' என்று கேட்க வேண்டாம், சும்மா சலுகைக்கு வந்தவர் மாதிரி தெரியும். 'குட் யூ டெல் மீ அபவுட் தி பெனிஃபிட்ஸ்' என்று சம்பளப் பேச்சு வரும்போது கேளுங்கள்.

இங்கிலாந்து பையரோடு பேசுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அங்கே 'ஷி இஸ் ஆன் பெனிஃபிட்ஸ்' என்றால் அரசாங்க உதவித்தொகையில் வாழ்கிறார் என்று பொருள். உங்கள் தொழிலாளர்களுக்குப் பிஎஃப் இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'ஆல் அவர் வொர்க்கர்ஸ் ஆர் ஆன் பெனிஃபிட்ஸ்' என்று ஆடிட்டில் சொன்னால் அவர் புருவம் உயரும். 'அவர் வொர்க்கர்ஸ் ரிசீவ்' என்று தொடங்கி, பிஎஃப், இஎஸ்ஐ என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

'பெனிஃபிட் ஆஃப் தி டவுட்' கிரிக்கெட் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்: அம்பயருக்குச் சந்தேகம் என்றால் பேட்ஸ்மேன் பிழைப்பார். ஆபீசிலும் அதே அர்த்தத்தில் சொல்லலாம்.

எதிர்ச்சொல்லில்தான் நம் ஊருக்கென்று ஒரு வம்பு. பெனிஃபிட்டுக்கு எதிராக ஆங்கிலத்தில் இயல்பாக வருவது 'டிராபேக்', அதாவது குறை. ஆனால் திருப்பூரில் டிராபேக் வந்துவிட்டது என்றால் முதலாளி முகம் மலரும். ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் சுங்க வரி அது. ஆகவே மெயிலில் அந்தப் பணத்தைச் சொல்லும்போது 'டியூட்டி டிராபேக்' என்று முழுசாக எழுதுங்கள். 'திஸ் ஆர்டர் ஹேஸ் எ குட் டிராபேக்' என்று பையருக்குப் போனால், துணியில் என்ன கோளாறு என்று உடனே வீடியோ கால் வரும்.