ஸ்டெர்ன் டிரைவ் படகில் பக்கவாட்டுச் சோனாரின் ட்ரான்ஸ்டியூசரைப் பொருத்தும் முறை

படகின் இருபுறக் கடல்தரையையும் ஒலியால் படம்பிடித்துத் திரையில் காட்டும் பக்கவாட்டுச் சோனார் வாங்கியவர்களில் சிலர், பழைய ஆழமானியின் ட்ரான்ஸ்டியூசர் (ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) இருந்த இடத்திலேயே புதியதையும் திருகிவிட்டு, ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் தெரிகிறதே என்று கருவியைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குறை கருவியில் இருப்பதில்லை. ஆழமானி ஒலியைக் கூம்பு வடிவில் நேர்கீழே அனுப்புகிறது. அதன் அருகே என்ன இருந்தாலும் பெரிய பாதிப்பில்லை. பக்கவாட்டுச் சோனாரோ, முன்பின்னாக மிக மெல்லியதும் இடம் வலமாக மிக அகன்றதுமான ஒலித்தகடு ஒன்றை ஒவ்வொரு பக்கத்துக்கும் அனுப்புகிறது. கிட்டத்தட்ட நீர்மட்டக் கோட்டிலிருந்து நேர்கீழ் வரை விரியும் அந்தத் தகட்டின் பாதையில் எது குறுக்கே நின்றாலும், அதற்கு அப்பால் உள்ள கடல்தரை திரையில் வராது.

யாழ்ப்பாணக் கரைகளில் பெரும்பாலும் காணப்படுபவை வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகளே. இயந்திரம் படகின் உள்ளேயும், திசைதிருப்பும் காலும் புரொப்பெலரும் வெளியேயுமாக அமைந்த ஸ்டெர்ன் டிரைவ், 1959 ஆம் ஆண்டு வொல்வோ பென்டா நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. நமது பக்கத்தில் அது குறைவு. ஆதலால் துறையில் கிடைக்கும் ஆலோசனைகள் வெளியிணைப்பு இயந்திரத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. ஸ்டெர்ன் டிரைவின் கால் பருமனானது. படகின் பின்சுவரான ட்ரான்சத்தின் நடுவிலிருந்து பின்னோக்கி நீண்டு, பின்னர் கீழே இறங்குகிறது. ஒலித்தகட்டின் பாதையில் குறுக்கே நிற்கக்கூடியது இந்தக் கால்தான்.

எனவே துளைபோடும் கருவியை எடுக்கும் முன் அளவெடுப்பதில் அரை நாள் செலவிடுவது வீண் அல்ல. நமது கடலில் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், கடல் வற்றும்போது படகு தரையில் நிற்கும், அப்போது வேலை செய்யலாம் என்று எண்ண முடியாது. படகை இழுவண்டியிலோ மரக்கட்டைகளின் மீதோ ஏற்றி, நீரில் மிதக்கும்போது இருக்கும் அதே சாய்வில் நிறுத்த வேண்டும். அந்தச் சாய்வை அறிய, முன்கூட்டியே படகு மிதக்கையில் நீர்மட்டத்தை முன்னும் பின்னும் மெழுகுப் பென்சிலால் குறித்துவைத்தால் போதும்.

முதலில் பக்கத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பின்னால் நின்று பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றைப் புரொப்பெலர் எனில், வலப்பக்கமே பொருத்தமானது. அப்பக்கத்தில் இதழ்கள் கீழ்நோக்கிச் செல்வதால், குமிழிகள் ட்ரான்ஸ்டியூசரின் மீது வாரி எறியப்படுவது குறையும். எதிரெதிராகச் சுற்றும் இரட்டைப் புரொப்பெலர் எனில் இந்தக் கணக்குப் பொருந்தாது. வசதியான பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். எவ்வாறாயினும், காலை இடவலமாக முழுதும் திருப்பும்போது புரொப்பெலர் அசையும் எல்லையிலிருந்து ட்ரான்ஸ்டியூசர் குறைந்தது 75 மில்லிமீற்றர் விலகியிருக்க வேண்டும். புரொப்பெலருக்கு நேர்முன்னே வைத்தால், ட்ரான்ஸ்டியூசர் கலக்கும் நீர் புரொப்பெலருக்குள் சென்று இழுவையைக் கெடுக்கும். பல ஸ்டெர்ன் டிரைவ்களில் புகை புரொப்பெலரின் நடுத்துவாரம் வழியாகவே நீருக்குள் வெளியேறுவதும் விலகியிருக்க இன்னொரு காரணம்.

ஆனால் வி வடிவ அடித்தளத்தில், நடுவிலிருந்து விலக விலக அடிப்பகுதி மேலே ஏறுகிறது. ட்ரான்ஸ்டியூசரும் அதனோடு ஏறி, மறுபக்கம் பார்க்கும்போது காலின் பருத்த பகுதியை நேரே எதிர்கொள்கிறது. நடுவை நெருங்கினால் குமிழி, விலகினால் தடை. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதே இந்த வேலையின் சாரம். அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் வரம்புகள், நீர் உறிஞ்சும் துவாரங்கள், திருகாணித் தலைகள் ஆகியவற்றின் நேர்பின்னாலும் வைக்கக் கூடாது. அவை கிளப்பும் குமிழிகளின் கோடு அங்கேதான் வந்து சேரும்.

இடத்தைச் சோதிக்க, மேசன்மாரும் தச்சர்களும் பயன்படுத்தும் லேசர் மட்டக் கருவி மிகவும் உதவும். ட்ரான்ஸ்டியூசரை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக நிறுத்தி, படகின் நீளவாக்குக்குச் செங்குத்தாக விழும் லேசர்க் கோட்டை அதன் முன்முனையிலிருந்து மறுபக்கம் நோக்கி அடித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ட்ரான்ஸ்டியூசர்கள் நீளமானவை என்பதால் பின்முனையிலிருந்தும் அவ்வாறே பார்க்க வேண்டும். முன்முனை தப்பிவிட்டது என்று திருப்தியடைந்தால், பின்முனை காலின் கியர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிவப்புக் கோடு காலின் அலுமினியத்தில் விழுந்தால் ஒலியும் அங்கேயே விழும். கால் நேராக இருக்கும்போதும், இருபுறமும் திரும்பியிருக்கும்போதும், உள்ளே முழுதும் இழுத்த நிலையிலும், சற்று வெளியே தூக்கிய நிலையிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். பல படகுகளில், காலைச் சற்று வெளியே தூக்கினால் கியர்ப் பெட்டி பின்னோக்கி நகர்ந்து பாதை திறந்துவிடுகிறது. எந்த நிலையில் திறக்கிறது என்பதை, கால் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று காட்டும் டிரிம் மானியில் குறித்துவைத்தால், கடலில் தேடும்போது அந்த நிலையிலேயே மெதுவாக ஓடலாம். எந்த நிலையிலும் திறக்காவிட்டால், இரு பக்கமும் ஒவ்வொரு ட்ரான்ஸ்டியூசர் வைத்து இணைக்கும் அமைப்பு உங்கள் கருவிக்கு உண்டா என்று விசாரிப்பதே வழி. படகின் அடியில் உட்புறமாக ஒட்டி பைபர் ஊடாகப் பார்க்கலாம் என்ற யோசனை ஆழமானிக்குச் சரி. பக்கவாட்டுச் சோனாருக்கு உதவாது.

ட்ரான்ஸ்டியூசரின் அடிமுகம், அந்த இடத்தில் உள்ள படகின் அடிக்கோட்டைவிடச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். முன்பின்னாகவும் இடம்வலமாகவும் அது நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டுமேயன்றி, அடித்தளத்தின் சாய்வைப் பின்பற்றக் கூடாது. நமது களப்பு ஆழமற்றது. கடற்புல் திட்டுகளும் மணல்மேடுகளும் எதிர்பாராத இடத்தில் வரும். ஆகையால் அடிபட்டால் பின்னோக்கி மடங்கும் தாங்கியையே வாங்க வேண்டும். இறுக்கமான தாங்கி மலிவு என்று பூட்டுபவர், தரைதட்டும் நாளில் ட்ரான்ஸ்டியூசரோடு ட்ரான்சத்தின் ஒரு துண்டையும் சேர்த்து இழப்பார்.

ட்ரான்சத்தில் நேராகத் துளையிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தடித்த பொலிஎதிலீன் பலகையொன்றை முதலில் நிலையாகப் பூட்டி, தாங்கியை அந்தப் பலகையில் திருகினால், பிற்பாடு இரண்டு சென்ரிமீற்றர் நகர்த்த நேர்ந்தாலும் படகில் புதுத் துளை வேண்டாம். பலகைக்கான துளைகளை இடும்போது பைபரின் மேல்பூச்சு சிதறாதிருக்க, ஒட்டுநாடா ஒட்டி, துளைக்கருவியை முதலில் எதிர்த்திசையில் சுழற்றிப் பூச்சை மட்டும் அரைத்து, பிறகு முன்திசையில் உள்ளே செலுத்த வேண்டும். பைபர்த்தூள் பறக்கும்; முகமூடி அவசியம். பல ட்ரான்சங்களுக்குள் ஒட்டுப்பலகை இருக்கிறது. அதற்குள் உப்புநீர் இறங்கினால் வெளியே தெரியாமலேயே உக்கிவிடும். அதனால் துளையின் உட்சுவரில் எப்பொக்சி பூசி உலரவிட்டு, நீரடிக்குரிய பொலியூரத்தேன் பசையை நிரப்பி, 316 தரத் துருப்பிடியா உருக்குத் திருகாணியைச் செலுத்த வேண்டும். குளியலறைச் சிலிக்கன் நீர்மட்டத்துக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. காலிலும் ட்ரான்சத்திலும் உள்ள அரிப்புக் காப்புத் தகடுகளைப் பலகையால் மறைக்கவோ, அவற்றின் மீது பூச்சு பூசவோ கூடாது.

கேபிளைத் தாங்கி மடங்குமளவு தளர்வாக விட்டு, ட்ரான்சத்தின் மேல்விளிம்பு வழியாகக் கொண்டுவருவது நல்லது. பெற்றோல் இயந்திர அறையைத் திறந்தவுடன் வேலை தொடங்காமல், முதலில் காற்றோட்ட விசிறியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்ற வேண்டும். அறைக்குள் கேபிள் புகைக்குழாயையும் பட்டியையும் ஸ்டியரிங் தண்டையும் தொடாமல் செல்ல வேண்டும், வீ.எச்.எஃப். வானொலியின் கம்பியோடும் இயந்திர மின்கம்பிகளோடும் சேர்த்துக் கட்டினால் திரையில் புள்ளிமழை பெய்யும். கேபிள் நீளம் என்று வெட்டி ஒட்டக் கூடாது. மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து தனிக் கம்பியில், கையேட்டில் சொல்லப்பட்ட அளவு ஃபியூசுடன் எடுக்க வேண்டும்.

சோதனையோட்டத்துக்குச் சோளகக் காற்று எழாத காலை வேளை ஏற்றது. மணிக்கு 4 முதல் 8 கிலோமீற்றர் வேகத்தில் நேராக ஓட வேண்டும். திரும்பும்போது படம் இழுபட்டுப் பொய் சொல்லும். களப்பில் 455 கிலோஹேர்ட்சில் தொடங்கி, பிறகு 800 இல் பார்க்கலாம். முன்னது தொலைவு காட்டும், பின்னது நுணுக்கம் காட்டும். களங்கண்டி வலைகளின் கம்புவரிசை ஒன்றுக்கு இணையாக, வலையில் சிக்காத தூரத்தில், ஒருமுறை வலப்புறமாகவும் ஒருமுறை இடப்புறமாகவும் கடந்து பாருங்கள். ஒவ்வொரு கம்பும் பளிச்சென்ற புள்ளியாகவும், அதற்கு வெளியே நீண்ட கரிய நிழலாகவும் வர வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் கம்புகள் காணாமற்போனால் கால் மறைக்கிறது. டிரிம் நிலையை மாற்றி மீண்டும் ஓடுங்கள்.

திரையின் நடுவில் தெரியும் கரிய பட்டை, ட்ரான்ஸ்டியூசருக்கும் தரைக்கும் இடைப்பட்ட நீர். அதன் அகலம் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால், அதே தடத்தில் எதிர்த்திசையாகத் திரும்பி ஓடுங்கள். அகன்ற பக்கம் இடம் மாறினால் தரைதான் சரிந்திருக்கிறது. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் ட்ரான்ஸ்டியூசர் சாய்ந்திருக்கிறது, தாங்கியின் திருகாணியைத் தளர்த்தி நிமிர்த்த வேண்டும்.

நீரிலேயே நிற்கும் படகில் சில வாரங்களில் முகத்தில் பாசியும் கொட்டலசும் பிடித்துப் படம் மங்கும். மென்துணியும் மிதமான சவர்க்காரமும் போதும். அசிற்றோன், தின்னர் போன்றவை பிளாஸ்ரிக் முகத்தைக் கரைத்துவிடும். பாசித்தடுப்புப் பூச்சு பூசுவதாயின், ட்ரான்ஸ்டியூசருக்கென்றே விற்கப்படும் நீர்க்கலப்பு வகையை மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும்; படகின் அடிக்குப் பூசும் செப்புப் பூச்சு அதற்கும் ஆகாது, அலுமினியக் காலுக்கும் ஆகாது.