சோன் ஆட்டம்: கைத்தாளத்திலிருந்து காலுக்கு

க்யூபாவின் சோன் ஆட்டத்தைப் பழக முதல் நாள் கால் வேண்டாம், கை போதும். அந்தத் தீவின் கிழக்கில் பிறந்த இந்த இசையைத் தாங்குவது கிளாவே எனும் 5 தட்டுகள். ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று வாயால் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். மொத்தம் 16 எழுத்து. இரண்டு எழுத்துக்கு ஒன்றாகக் குதிகாலால் தரையைத் தட்டினால் 8 எண்ணிக்கை வரும். சில பாட்டுகளில் இரண்டு தட்டு உள்ள பாதி முன்னால் வரும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கை தடுமாறாமல் ஓடிய பிறகு கால். 2, 3, 4-இல் இடது, வலது, இடது. 5-இல் நில்லுங்கள். 6, 7, 8-இல் வலது, இடது, வலது. 1-இல் நில்லுங்கள். ஜோடியாக ஆடும்போது எதிரில் இருப்பவருக்குக் கால் நேர்மாறு.

பெரும்பாலானோர் சறுக்குவது அந்த 1-இல்தான். பேஸ் எனும் கனத்த குரலுள்ள தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் 1-இல் வாசிப்பதில்லை. அடுத்த சுரத்தை 8-லேயே தொட்டு, 1-ஐத் தாண்டி நீட்டிவிடுவார். காது அந்த 8-ஐ 1 என்று எடுத்துக்கொள்ள, கால் முந்தி ஓடிவிடும். அப்போது காங்கா எனும் உயரமான கைமேளத்தின் ஒலியைப் பிடியுங்கள். 2-இல் ‘சட்’டென்று ஓர் அறை விழும், அது உங்கள் முதல் அடி. 4-இல் ‘தும் தும்’ என்று இரட்டை ஒலி வரும். முதல் ‘தும்’ மூன்றாவது அடி, அடுத்தது ‘இனி நில்’ என்ற சேதி. கீழே பேஸ் இழுத்துக்கொண்டிருக்க நீங்கள் அசையாமல் நிற்கும் அந்த நொடியில்தான் சோனின் சுகம் முழுக்க இருக்கிறது. அதை அவசரத்தில் தொலைத்துவிடாதீர்கள்.

அடி அரைப் பாதத்துக்கு மேல் நீள வேண்டாம். முழங்காலை மடக்கிப் பாதத்தை வைத்து, எடையை முழுசாக ஏற்றிய பிறகு காலை நிமிர்த்துங்கள். இடுப்பு தானாக அந்தப் பக்கம் போகும். வேண்டுமென்றே இடுப்பை ஆட்டினால் தோளும் கூடவே ஆடி, ஜோடியின் பிடி கலையும். எடை பாதிதான் ஏறியது என்றால் அடுத்த அடிக்கு எந்தக் கால் என்றே தெரியாது. தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு நல்லது. ரப்பர் தரையைக் கவ்வும். சுழலும்போது முழங்கால் திருகிக்கொள்ளும்.

பழக க்யூபா இசைக்கலைஞர் ஆர்சேனியோ ரோட்ரீகெஸ் 1940-களில் பதிவுசெய்த, சோன் மொந்தூனோ எனும் சோன் வகையைச் சேர்ந்த நிதானமான பாட்டுகளைத் தேடிக் கேளுங்கள். காங்கா அவற்றில் தெளிவாகக் கேட்கும். பாட்டின் பின்பகுதியில் போங்கோ எனும் இரட்டைச் சிறு மேளம் வாசிப்பவர் மணியை எடுத்து 1, 3, 5, 7-இல் அழுத்தி அடிப்பார். உற்சாகத்தில் அடி பெரிதாகும், வேகமும் கூடும். அங்கேதான் அடியை இன்னும் சுருக்க வேண்டும்.