செங்காந்தள் கிழங்கு: தோண்டும்போது கவனம்

வேலியோரம் செங்காந்தள் பூத்திருந்தால் அழகுதான், நம் மாநில மலராயிற்றே. ஆனால் கலப்பை வடிவில் இருக்கும் அதன் கிழங்கைக் கையுறை போட்டே தோண்டுங்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின்தான் நஞ்சு; வேகவைத்தாலும் போகாது.

முன்பு பிரசவ வலியைத் தூண்ட, இந்தக் கிழங்கை அரைத்து அடிவயிற்றில் பற்றுப் போட்டார்கள். கோல்ச்சிசின் இன்றும் கௌட் மூட்டுவலிக்கு மாத்திரையாக வருகிறது, மிகமிகக் குறைந்த அளவில். வீட்டில் அந்த அளவைக் கணிக்கவே முடியாது. கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகலாம். மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.