கரிசல் மண்ணுல ரோடு போடுறீங்களா, ஜியோகிரிட் விரிக்கிற முறை

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல்ல ரோடு போட்டவங்களுக்குத் தெரியும், கோடைல கை நுழையுற அளவு வெடிக்கும், மழை பெஞ்சா களி மாதிரி ஆயிடும், மேல கொட்டுற ஜல்லி எல்லாம் உள்ள போயிட்டே இருக்கும். ஜல்லி அப்படி உள்ள போறதை நிறுத்தத்தான் ஜியோகிரிட், அதாவது கட்டம் கட்டமா ஓட்டை (கண்ணு) இருக்கிற பிளாஸ்டிக் வலை.

ரோட்டுக்கு, நீளம் அகலம்னு ரெண்டு திசையிலயும் இழுவிசை தாங்குற பையாக்ஸியல் வாங்குங்க, ஒரு திசையில மட்டும் தாங்குற யூனியாக்ஸியல் தடுப்புச் சுவருக்குத்தான், கடைல மாத்திக் குடுத்துட்டா அவ்ளோதான்.

முதல்ல புல்லு, வேர், மேல்மண் எல்லாம் எடுத்து மட்டம் பண்ணி ரோலர் விடுங்க. ரொம்ப களியா இருந்தா கிரிட்டுக்கு அடியில ஜியோடெக்ஸ்டைல் துணி போடணும், இல்லன்னா சேறு கண்ணு வழியா மேல ஏறிடும். அப்புறம் ரோலை ரோட்டு நீளத்துக்கு விரிச்சு, சுருக்கம் இல்லாம இழுத்து, யு ஆணி அடிங்க. ஒரு ரோல் முடியுற இடத்துல அடுத்த ரோல் அது மேல குறைஞ்சது 30 செ.மீ. ஏறணும், மண்ணு மோசம்னா 60க்கு மேல, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

ஜல்லி கண்ணுக்குள்ள பாதி இறங்கி மாட்டிக்கணும், அந்தப் பிடிப்புதான் முழு விஷயமே, கண்ணை விடப் பெரிய கல்லாவே கொட்டினா சும்மா மேல உக்காந்திருக்கும். டிப்பரை வெறும் கிரிட் மேல ஏத்த விடாதீங்க (டிரைவர் "ஒண்ணும் ஆகாதுண்ணே"ன்னுதான் சொல்வாரு), 15 செ.மீ. ஜல்லியைத் தள்ளிப் பரப்பிட்டு அது மேலதான் வண்டி, அப்பவும் சட்டுனு திருப்பக் கூடாது.

ஆனா கரிசல் உப்புறதை கிரிட் நிறுத்தாது, ஓரத்துல தண்ணி வடிய வாய்க்கால் தனியா வெட்டியே ஆகணும்.