ஆன் செய்ததும் பியூஸ் போகிறதா? ஆம்ப்ளிஃபையரைப் பல்ப் வைத்துப் பழுது பார்ப்போம்

என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒருநாள் 'டப்' என்று அடங்கிவிட்டது. பியூஸ் மாற்றினேன், போனது. மறுபடி மாற்றினேன், அதுவும் போனது. கூடுதல் ஆம்பியர் பியூஸ் போடும் எண்ணம் உங்களுக்கும் வரும். வேண்டாம், அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர்தான்.

1. சீரிஸ் பல்ப். ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டின் பேஸ் (லைவ்) வயரை நடுவில் வெட்டி, அங்கே ஒரு பல்ப் ஹோல்டரைச் சேருங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் போடுங்கள். எல்இடி இதற்கு ஆகாது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரை இதன் வழியே ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட்.

2. கெப்பாசிட்டரைக் காலி செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் வோல்டேஜ் தங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கம்பியில் கோத்து ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நிமிடம் வையுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிறவர்கள் தைரியசாலிகள், அவ்வளவுதான்.

3. அவுட்புட் டிரான்சிஸ்டர், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டர். மீட்டரை டயோடு நிலையில் வைத்து அதன் கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு இடையே பாருங்கள். மீட்டர் முனைகளை மாற்றி வைத்தும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் அது போய்விட்டது. சந்தேகம் இருந்தால் போர்டிலிருந்து கழற்றிப் பாருங்கள். கூடவே அதை இயக்கும் சின்ன டிரைவர் டிரான்சிஸ்டர்களையும், 0.22 ஓம் மாதிரியான எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சோதியுங்கள். பெரியது போகும்போது இவற்றையும் இழுத்துக்கொண்டு போவது வழக்கம்.

4. மைக்கா, அதாவது டிரான்சிஸ்டருக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய இன்சுலேஷன் தாள். நான் விழுந்த குழி இது. புது ஜோடி மாட்டி, பல்ப் இல்லாமல் நேரடியாக ஆன் செய்தேன். கண் இமைக்கும் நேரத்தில் இரண்டும் காலி. காரணம், திருகைச் சுற்றி வரும் சின்ன பிளாஸ்டிக் புஷ் மேசைக்கு அடியில் கிடந்தது! டிரான்சிஸ்டரின் உலோக முதுகு பெரும்பாலும் கலெக்டர்தான். புஷ் இல்லாவிட்டாலோ மைக்கா கிழிந்திருந்தாலோ, அது நேராக ஹீட்சிங்கைத் தொட்டுவிடும். அதனால் திருகை இறுக்கிய பிறகு, உலோக முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே ஓம் பாருங்கள். தொடர்பே காட்டக் கூடாது. இதற்கு அளவு எல்லையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ரேஞ்ச் மீட்டர்தான் எனக்குப் பிடிக்கும். குமிழைத் திருப்பித் திருப்பியே முன்பு தப்பாகப் படித்திருக்கிறேன்.

5. ஸ்பீக்கர் முனை. பல்ப் மங்கியதும் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. சில வோல்ட் வந்தால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அதன் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) கருகிவிடும். ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) 'க்ளிக்' என்று விழவில்லையா? ரிலேக்கு முன்பக்கம் அளந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், பல்ப் போர்டை விட்டு நேரடியாகச் சொருகி இன்னொரு முறையும் அளந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பல்ப் விட்டு விட்டு எரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய ஆம்ப்ளிஃபையரில் இருப்பது எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு) பவர் சப்ளை. பல்ப் வழியே வோல்டேஜ் இறங்கியதும் அது நின்று நின்று மறுபடி கிளம்பப் பார்க்கும். அதை வைத்து மட்டும் பழுது என்று முடிவு கட்ட முடியாது. பெரிய வாட் பல்ப் போட்டுப் பாருங்கள்.