செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: விலை மதிப்பிடுவதில் சறுக்கும் இடங்கள்

சாதாரண குடும்பக் காருக்கு விலை சொல்வது பெரிய வித்தை இல்லை. மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்ற நான்கும் தெரிந்தால் ஓரளவு சரியான தொகைக்கு வந்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கணக்கு பாதி வழியிலேயே நின்றுவிடும். ஒரே மாடல், ஒரே வருடம், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர். ஆனாலும் ஒரு கார் இன்னொன்றைவிட ஒன்றரை மடங்கு விலை சொல்லும். இரண்டும் நியாயமான விலையாகவும் இருக்கலாம்! அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், "இந்த மாடல் இவ்வளவுக்குப் போகிறது" என்று ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கார் பார்க்கக் கிளம்புவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன.

விளம்பர விலையைச் சந்தை விலை என்று நம்புவது

விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. சரியான விலை போட்ட கார் சீக்கிரம் விற்றுப் பட்டியலை விட்டுப் போய்விடும். கூட்டிப் போட்டது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆக, எந்த நாளில் தேடினாலும் உங்கள் கண்ணில் படுவதில் விலை கூடிய கார்களே அதிகம். அவற்றின் சராசரியை எடுத்தால் கணக்கு ஆரம்பத்திலேயே ஏறிவிடும்.

விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். பிரிங் எ டிரெய்லர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலத்தின் தொகை, காரின் படங்கள், சர்வீஸ் விவரம் எல்லாம் பார்க்கக் கிடைக்கும். வரி, இறக்குமதிச் செலவு போன்றவை நாட்டுக்கு நாடு மாறுவதால் அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு மாடலுக்குள்ளேயே எது கூடுதலாகப் போகிறது, எது குறைகிறது என்ற விகிதம் அதில் தெரியும். உங்கள் சந்தையில் அப்படி எதுவும் இல்லையென்றால், விளம்பரங்களைச் சில வாரங்கள் குறித்துவைத்துக் கவனியுங்கள். எது விலையை இறக்கியது, எது சட்டென்று காணாமல் போனது என்பதே போதுமான தகவல்.

ஒப்பிடும்போது இன்னொரு சறுக்கல் உண்டு. பெயர் ஒன்று என்பதால் காரும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. போர்ஷே 911-இன் 997 தலைமுறையில் 2009 மாடல் வருடத்தில் இன்ஜினே மாறிவிட்டது. அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் ஒரே தட்டில் வைத்து விலை பேச முடியாது. ஃபெராரி எஃப்430 பெரும்பாலும் எஃப்1 கியர்பாக்ஸோடு விற்றது, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் ஸ்டீயரிங் பின்னால் உள்ள துடுப்பால் கியர் மாற்றும் வகை. கையால் கியர் போடும் கார்கள் மிகக் குறைவு, அவற்றின் விலை இன்று தனி உயரத்தில் இருக்கிறது. மேனுவல் காரின் விலையைக் காட்டி எஃப்1 காரை விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வாங்கியபோது தோல் தையலுக்கும் சீட் நிறத்துக்கும் கொட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. அதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை.

குறைந்த கிலோமீட்டருக்கு மயங்குவது

"பத்து வருடத்தில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்றால் பலருக்குக் கை தானாகப் பணப்பைக்குப் போகும். ஆனால் நின்ற காரும் தேயும். ரப்பர் சீல்கள் காய்ந்து கசிய ஆரம்பிக்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் காலிப்பர் இறுகும், பேட்டரி பலமுறை செத்துப் பிழைத்திருக்கும். டயரில் பூ அப்படியே இருக்கும், ரப்பரோ கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஸ்போர்ட்ஸ் காரின் பிடிப்பு முழுக்க அந்த ரப்பரை நம்பித்தான் இருக்கிறது என்பதால், பழைய டயர் என்றால் அது இல்லாத டயர் என்றே கணக்கு வைக்க வேண்டும்.

இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டரைவிட வருடக் கணக்குதான் முக்கியம். ஃபெராரி எஃப்355-இல் அதை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். ஓடவே ஓடாத காரானாலும் வருடக் கெடு வந்தால் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். "ஓடவில்லை, அதனால் செய்யவில்லை" என்று விற்பவர் சொன்னால் அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இதில் என் தேர்வு தெளிவானது: மாதாமாதம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது உள்ள எழுபதாயிரம் கிலோமீட்டர் கார்தான், மூடிவைத்த பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் காரைவிட ஓட்டுபவருக்கு நல்லது. பெரும்பாலும் விலையும் குறைவு. சேர்த்துவைக்க வாங்குபவர் கதை வேறு.

சரி, அந்தக் கிலோமீட்டர் எண் உண்மையா? ஓடோமீட்டரைத் திருத்துவது புதிய தந்திரம் இல்லை. பல கார்களின் இன்ஜின் கணினி, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் பதிவு செய்கிறது. போர்ஷேயில் இதைச் சுலபமாகப் படிக்கலாம். கிலோமீட்டரை அந்த மணிகளால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 60,000 கிலோமீட்டர், 1,500 மணி என்றால் மணிக்கு 40, நம்பலாம். அதே 1,500 மணிக்கு ஓடோமீட்டர் 20,000 காட்டினால் சராசரி 13 சொச்சம்தான். வண்டி வாழ்நாள் முழுக்க டிராஃபிக்கில் நின்றிருக்க வேண்டும், அல்லது யாரோ எண்ணில் கை வைத்திருக்க வேண்டும். சீட்டின் ஓரத் தேய்மானம், ஸ்டீயரிங் தோல், பெடல் ரப்பர், பழைய சர்வீஸ் ரசீதுகளில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள்.

பாக்கி வேலையை விலையோடு சேர்க்காமல் விடுவது

பணம் உண்மையில் போவது இங்கேதான். கார் பழசாகும்போது அதன் விலை இறங்கும். பாகங்களின் விலை இறங்காது. புதிதில் பெரும் பணக்காரர் வாங்கிய கார் இன்று நடுத்தர வருமானக்காரர் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கலாம். அதன் கிளட்ச்சும் பிரேக் டிஸ்க்கும் இன்னும் பெரும் பணக்காரரின் விலையில்தான் கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மாடலின் நல்ல கார் 100 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 82-க்குத் தருகிறார். கிளட்ச் முடியும் நிலையில், அதற்கு 4. டயர் நான்கும் பழசு, 3. தள்ளிப்போட்ட பெரிய சர்வீஸ், 5. முன் பிரேக், 3. கசியும் ஷாக் அப்சார்பர்கள், 4. ஏசி, 2. கூட்டினால் 21. ஆக, 82-க்கு வாங்கிய கார் 103-இல் வந்து நிற்கிறது, ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வாரங்களைக் கணக்கில் சேர்க்காமலேயே. மலிவாக இருந்த கார்தான் விலை கூடிய கார்.

இதில் ஒவ்வொரு மாடலுக்கும் சொந்த வியாதி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான். போர்ஷே 911-இன் 996 தலைமுறை, முதல் பாக்ஸ்டர், 2008 வரையான 997 ஆகியவற்றின் சாதாரண இன்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் (இன்ஜினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பேரிங்) பயம். அது உடைந்தால் இன்ஜினே போகும். எல்லா காரிலும் உடைவதில்லை, பேச்சில் பெரிதாகிவிட்ட பயமும்கூட. ஆனாலும் பேரிங்கை மாற்றிய ரசீது இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம். அதே தலைமுறையின் டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது வேறு இன்ஜின், இந்தத் தொல்லை கிடையாது. பிஎம்டபிள்யூ எம்3 என்றால் இ46 தலைமுறையில் பின்பக்க சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடத்துத் தகடு விரிசல் விடும், அதற்கடுத்த வி8 எம்3-யில் இன்ஜினுக்குள் பிஸ்டன் தண்டுகளின் கனெக்டிங் ராட் பேரிங் சீக்கிரம் தேயும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஏன் இவ்வளவு சல்லிசு என்று ஆச்சரியப்படுபவர்கள் அதன் ரோட்டரி இன்ஜினின் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு எழுகிறது என்பதை, சோதிக்க வேண்டும். சாதாரண கேஜ் இதற்குச் சரிவராது, ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும். எண் குறைவாக வந்தால் இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு காரின் விலையையே தொட்டுவிடலாம். ஒற்றைக் கிளட்ச் உள்ள ஃபெராரி எஃப்1, லம்போர்கினி இ-கியர் கார்களில் கிளட்ச் எவ்வளவு தேய்ந்தது என்று கணினியிலேயே சதவீதமாகப் பார்க்கலாம். கார்பன் செராமிக் பிரேக் இருந்தால், புது டிஸ்க்குகளின் விலையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள். அவற்றின் தேய்மானத்தைத் தடிமனை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. எடையும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறையும் சொல்லிவிட வேண்டும். எல்லா தேய்மானத்தையும் விலையில் கழிக்கச் சொல்லி நிற்பது. நீங்கள் ஒப்பிட்ட 100 விலைக் காரிலும் பாதி தேய்ந்த கிளட்ச்தான் இருந்திருக்கும். சராசரித் தேய்மானம் சந்தை விலைக்குள்ளேயே அடக்கம். அதைவிட மோசமாக இருப்பதை மட்டும் கழிக்கலாம். பாதி தேய்ந்த டயருக்குப் புது டயரின் விலையைக் கழிக்கச் சொன்னால், விவரம் தெரிந்த விற்பனையாளர் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வார், அவர் செய்வதும் சரிதான். அதே நியாயம் விற்பவருக்கும் பொருந்தும். "போன வருடம் சர்வீஸுக்கு இவ்வளவு செலவு செய்தேன்" என்று ரசீதை நீட்டினால், அந்தச் செலவு காரின் விலையை இறங்காமல் பிடித்துவைத்திருக்கிறது. அதை மேலே ஏற்றிக் கேட்க முடியாது.

மாற்றி அமைத்த காருக்குக் கூடுதல் கொடுப்பது

பெரிய டர்போ, விலை உயர்ந்த சைலன்சர், இறக்கிய சஸ்பென்ஷன். முந்தைய ஓனரின் ரசனைக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பொதுவாகக் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்தான் கூடுதல் விலைக்குப் போகும். கழற்றிய அசல் பாகங்கள் பத்திரமாக இருந்து காரோடு வந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் அவற்றைத் தேடி வாங்கும் செலவைக் கழியுங்கள். இன்ஜின் சக்தியைக் கணினியில் ஏற்றிய காரானால், கியர்பாக்ஸும் கிளட்ச்சும் அந்தச் சுமையை எத்தனை நாள் தாங்கின என்ற கேள்வியும் கூடவே வரும்.

அடிபட்ட காரைத் தள்ளுபடி என்று நினைப்பது

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி சின்ன முதலீடு. கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300 தாண்டினால் மறுபடி அடித்தது. அதற்கும் மேலே எகிறினால் அடியில் பட்டி பார்த்திருக்கிறார்கள். அலுமினியத்திலும் வேலை செய்யும் கருவியா என்று பார்த்து வாங்குங்கள். ஷெவர்லே கார்வெட், லோட்டஸ் எலிஸ் மாதிரி ஃபைபர் பாடி கார்களில் சாதாரணக் கருவி எதுவுமே சொல்லாது. அங்கே பாடியைவிட அடியில் உள்ள சேஸிஸ்தான் முக்கியம். எலிஸின் சேஸிஸ் பசையால் ஒட்டிய அலுமினியம். வளைந்தால் தட்டி நிமிர்த்தும் வகை இல்லை.

முன்பக்கம் மட்டும் மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் உடனே பதற வேண்டாம். மூக்கு தாழ்வான காரில் கல் தெறித்துப் புள்ளிபுள்ளியாகப் பெயின்ட் போவது வழக்கம். சேஸிஸ் வரை போன அடி வேறு. அதற்கு விற்பவர் தரும் தள்ளுபடியை நாளை நீங்கள் விற்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், எனவே அதை லாபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

விலை ஏறும் என்ற பேச்சுக்குப் பணம் கொடுப்பது

"இது இனி ஏறுமுகம்தான்" என்பதைக் கேட்காமல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாது. 1988-இல் என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு ஃபெராரிகளின் விலை வெறி பிடித்தாற்போல ஏறியது. 1990-களின் தொடக்கத்தில் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் பல வருடம் காத்திருந்தார்கள். நாளைய விலையை இன்றே கொடுத்துவிட்டால் ஏற்றம் விற்றவருடையது.

விலையை முடித்துவிட்டுச் சோதிப்பது

வரிசை தலைகீழாக நடப்பதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது: பார்த்ததும் ஆசை, கை குலுக்கல், முன்பணம், அப்புறம் மெக்கானிக். அதற்குள் மனசு காரைத் தன்னுடையது ஆக்கிக்கொண்டிருக்கும், மெக்கானிக் சொல்வது காதில் விழாது. அந்த மாடலில் பழக்கமுள்ளவரிடம் முதலில் சோதித்து, அவர் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். சோதனைக்கு ஆகும் செலவு கார் விலையில் மிகச் சிறிய துண்டு.

மேனுவல் கார் என்றால் ஓவர் ரெவ் பதிவைக் கேட்டு வாங்குங்கள். நான்காவது கியரிலிருந்து ஐந்தாவது போட நினைத்து மூன்றாவதில் தள்ளிவிட்டால், சக்கரமே இன்ஜினை எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. போர்ஷேயின் கணினி இதை, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்று படிப்படியான எல்லைகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. 997-இல் ஆறு எல்லைகள், கடைசியாக எந்த மணி நேரத்தில் நடந்தது என்ற குறிப்போடு. மேல் எல்லைகளில் நடந்த தவறுக்குப் பிறகு இன்ஜின் பல நூறு மணி நேரம் நன்றாக ஓடியிருந்தால் ஓரளவு நிம்மதி. சமீபத்தில் நடந்திருந்தால் அந்த ரிஸ்க்குக்கும் ஒரு விலை உண்டு.

நேரில் பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சில விநாடிகளில் போடும் சத்தத்தையும் விடும் புகையையும் சூடான இன்ஜின் மறைத்துவிடும். போய்ப் பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், அன்றைக்கு விலையே பேசாமல் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.